மண்ணுக்க கிடந்த ரி-56, வியட்நாமில சிக்கின எம்-16: உந்தக் குறோம் கதை எதுவரைக்கும் உண்மை?

பனங்காமம்
நேற்று முழுக்க ஒரு பதிவு சுத்துது. முல்லைத்தீவுப் பக்கம் காணி துப்பரவாக்கேக்க மண்ணுக்க இருந்து ஒரு ரி-56 (சீனன் செய்த ஏ.கே. துவக்கு) வந்ததாம். படத்தைப் போட்டு, "பதினைஞ்சு வருசம் மண்ணுக்க கிடந்தாலும் துடைச்சுப்போட்டு அடிச்சா வெடிக்கும், அதுதான் ஏ.கே.! அமெரிக்கன்ர எம்-16 எண்டா ஒரு மாரி தாங்காது. வியட்நாமில அமெரிக்கன் செத்ததே தன்ர துவக்காலதான்" எண்டு எழுதிவிட்டிருக்கிறார் எங்கட மாங்குளம் சந்தி. கீழ கைதட்டல் வேற.

இதைப் பாத்திட்டுச் சும்மா போக ஏலாமல்தான் இந்தத் திரி. எம்-16 வியட்நாமில சிக்கினது (சுடேக்க தடைப்பட்டு நிண்டது) உண்மை. ஆனால் துவக்குப் பிழையால இல்லை. அதை வடிவமைச்ச ஸ்ரோனர் அந்தத் துவக்கைச் செய்யேக்க ரவைக்குள்ள இருந்தது டியூபொண்ட் கொம்பனியின்ர குச்சி மருந்து (குச்சி வடிவ வெடிமருந்து). 1964இல இராணுவம் அதை மாத்தி உருண்டை மருந்து போட்டது. துவக்கை அதுக்கேற்ற மாதிரி மாத்தேல்லை. நிமிசத்துக்கு 700, 800 எண்டு அடிச்சது 1000க்குக் கிட்டப் போச்சு. போதாததுக்கு உருண்டை மருந்தில கல்சியம் காபனேற்று கூட, அது காஸ் குழாயில (சுட்ட மருந்தின்ர காஸைத் துவக்கை ஓட்டப் பின்னுக்குக் கொண்டுபோற குழாய்) படிஞ்சுது. பிழை மருந்தில. முடிஞ்சுது கதை.

மாங்குளம் சந்தி
என்ர பேரை இழுத்துத் திரி துவங்கினதுக்கு நன்றி. மருந்தை மாத்தினால் சிக்கிற துவக்கு ஒரு துவக்கோ? ஏ.கே.க்குச் சீனன்ர ரவை போடு, ரஷ்யன்ர போடு, எகிப்துக்காறன்ர போடு. இரும்புக் கோது (ரவையின்ர உறை), பித்தளைக் கோது எண்டு பாக்காது. 1949இல சோவியத் இராணுவம் எடுத்தது, இண்டைக்கும் ஓடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

லேத்துப்பட்டறை
ரெண்டு பேரும் சுத்தி வளைக்கிறியள். விசயம் ஒண்டுதான்: சேம்பருக்கு (ரவை இருந்து வெடிக்கிற அறை) குறோம் (கறள் பிடிக்காமல் பூசுற உலோகப் பூச்சு).

ஏ.கே.யின்ர பரல் உள்பக்கம், சேம்பர், பிஸ்ரன் தலை எல்லாத்துக்கும் கெட்டிக் குறோம். எம்-16க்கு 1967 வரைக்கும் சேம்பரில குறோம் இல்லை. வியட்நாம் ஈரத்தில வெறும் இரும்புச் சேம்பர் ரெண்டு நாளில கறள் பிடிச்சுப் புள்ளி புள்ளியாக் குழி விழும். சுடேக்க பித்தளைக் கோது விரிஞ்சு அந்தக் குழிகளுக்குள்ள அமுங்கும். பிறகு எக்ஸ்ராக்டர் (கோதைப் பிடிச்சு வெளிய இழுக்கிற கொக்கி) இழுத்தா என்ன நடக்கும்? ஒண்டில் பிடி வழுக்கும், இல்லாட்டில் கோதின்ர விளிம்பைக் கிழிச்சுக்கொண்டு வரும். கோது உள்ளயே நிக்கும். துப்பரவாக்கிற கம்பியை வாய்ப்பக்கத்தால விட்டுத் தட்டி எடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை. வியட்நாமில கனபேர் செத்தது அந்தத் தட்டுற நேரத்தில.

மருந்து ரெண்டாம் பட்சம். குறோம் இல்லை, அதால சிக்கிச்சுது. இதுக்கு ஆராவது பதில் சொல்லுங்கோ பாப்பம்.

கணக்கு வாத்தி
ஒரு சிறு வேண்டுகோள். நம்பகத்தன்மை என்று எதைச் சொல்கிறோம்? பராமரிப்பே இல்லாமல் சுடுவதையா, பராமரித்தால் எத்தனை ஆயிரம் ரவைக்கு ஒருமுறை தடைப்படுகிறது என்பதையா, உதிரிப்பாகம் உடையாமல் இருப்பதையா? மூன்றும் வேறு வேறு. முதலில் அதை வரையறுத்துக்கொண்டால் நல்லது.

நந்திக்கடல் நண்டு
வாத்தியார் வந்திட்டார், எல்லாரும் எழும்பி நில்லுங்கோ 🙏

பனங்காமம்
லேத்து அண்ணை, மருந்து ரெண்டாம் பட்சமோ? 1967இல அமெரிக்கக் கொங்கிரஸ், ரிச்சர்ட் இச்சோர்ட் தலைமையில ஒரு உபகுழுவைப் போட்டு விசாரிச்சது. குழு வியட்நாமுக்கே போய்ப் பாத்தது. ஒக்ரோபரில அறிக்கை வந்தது. ரவையின்ர குறையைத் திருத்தாமல் விட்ட அதிகாரியளின்ர செயல் குற்றமெண்டே சொல்லக்கூடிய கவலையீனம் எண்ட அளவுக்கு அதில எழுதியிருக்கு. *ரவையின்ர* குறை. சேம்பரின்ர இல்லை.

இன்னொண்டு. கோல்ற் கொம்பனிக்குப் புது மருந்தோட வேகப் பரிசோதனையில துவக்குகளைத் தேற வைக்கிறது கஸ்ரமாப் போச்சுது. அதுக்கு என்ன செய்தவை தெரியுமோ? தொழிற்சாலைப் பரிசோதனையில பழைய மாதிரி மருந்து பாவிக்க விட்டுட்டு, சண்டைக்குப் போனவனுக்கு உருண்டை மருந்து குடுத்தவை. மருந்தில பிழை இல்லையெண்டா ஏன் இந்தக் களவு?

இது எப்பிடி வேலை செய்யுது எண்டும் சொல்லுறன். சுட்ட உடன கோது விரிஞ்சு சேம்பர் சுவரை இறுக்கிப் பிடிச்சிருக்கும். அழுத்தம் இறங்கினாப் பிறகுதான் சுருங்கி விடும். உருண்டை மருந்தில காஸ் துவாரத்தடியில அழுத்தம் கூட. போல்ற் (சேம்பரைப் பின்னால பூட்டிற பாகம்) நேரத்தோட பூட்டுத் திறக்குது. கோது இன்னும் சுவரை விடேல்லை. அப்பச்சட்டியில வேக முதல் அப்பத்தைக் கிளப்பினா விளிம்பு கையோட வரும், நடு சட்டியோட கிடக்கும். அதேதான்.

லேத்துப்பட்டறை
அப்பம் ஒட்டினது சட்டி பழகாததால. சட்டியைப் பழக்கிறதுதான் குறோம். நீரே என்ர பக்கம் சாட்சி சொல்லிப்போட்டீர். நன்றி.

பனங்காமம்
பழகின சட்டியிலயும் வேக முதல் கிளப்பினா ஒட்டும் அண்ணை. எத்தினை அப்பம் சுட்டிருக்கிறியள்?

நந்திக்கடல் நண்டு
துவக்குத் திரி அப்பத்துக்குப் போச்சு. சம்பலோட வாறன்.

மாங்குளம் சந்தி
ரெண்டு பேரும் எம்-16 சிக்கினது எண்டு ஒத்துக்கொண்டுதானே கதைக்கிறியள்? அப்ப நான் சொன்னது சரி. இதுக்கு ஏன் திரி?

ஏ.கே. ஏன் சிக்காது எண்டும் கேளுங்கோ. போல்ற் கரியரும் (போல்ற்றைக் காவுற பாகம்) பிஸ்ரனும் ஒரே துண்டு, கனம், முழுத் தூரமும் பின்னுக்குப் போய் வரும். காஸை வேணுமெண்டே கூட எடுத்து அடிக்கிற மாதிரிச் செய்தது. உள்ள பாகங்களுக்கு இடையில இடைவெளி தாராளம். மண் கிடந்தா ஒதுங்க இடமிருக்கு. ரவையைப் பாருங்கோ: 7.62×39 கோது அடியில தடிச்சு நுனிக்கு ஒடுங்கிப் போகும். அதாலதான் மகசீனும் (ரவைப் பெட்டி) வாழைக்காய் மாதிரி வளைஞ்சிருக்கு. ஒடுங்கின கோது அரை மில்லிமீற்றர் பின்னுக்கு அசைஞ்சாலே சுவரை விட்டிடும். எம்-16இன்ர 5.56 கோது கிட்டத்தட்ட நேர்ச்சுவர், கடைசி மட்டும் உரசிக்கொண்டு வரும். இதுக்குக் குறோமும் வேண்டாம் மருந்தும் வேண்டாம். ஆக்கத்திலயே விசயம் இருக்கு.

லேத்துப்பட்டறை
கோதின்ர ஒடுக்கம் உதவும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஏ.கே. சேம்பரில குறோம் எதுக்குப் போட்டது எண்டு கேள்வி கேட்டனியோ? பழைய சோவியத், சீன ரவையின்ர பிறைமர் (மருந்தைப் பத்தவைக்கிற அடிமூடி) கறள் பிடிப்பிக்கிற வகை. சுட்டாப் பிறகு உள்ள பொற்றாசியம் குளோரைட்டு உப்புப் படியும். உப்பு காற்றில இருக்கிற ஈரத்தை இழுக்கும். எண்ணெய் மட்டும் போட்டுத் துடைச்சா உப்புக் கரையாது, எண்ணெய்க்குக் கீழ இருந்து அரிக்கும். முதல் தண்ணி விட்டுக் கழுவ வேணும், சுடுதண்ணியெண்டா இன்னும் நல்லது, பிறகு காயவிட்டு, பிறகுதான் எண்ணெய். இதைச் சண்டையில ஆரும் ஒழுங்காச் செய்யமாட்டான் எண்டு தெரிஞ்சுதான் ரஷ்யன் குறோம் பூசினவன். உன்ர ஏ.கே. தப்பினது ஆக்கத்தால இல்லை, குறோமால.

அமெரிக்கனுக்கும் இது தெரியாததில்லை. எம்-16க்கு முந்தின எம்-14இன்ர பரலுக்குக் குறோம் பூசியிருந்தது. ரெண்டாம் உலக யுத்தத்தில பசுபிக் தீவுகளில கறளோட பட்டபாட்டுக்குப் பிறகு படிச்ச பாடம் அது. படிச்ச பாடத்தை எம்-16இல மறந்தவன். 1967இல சேம்பருக்குப் பூசினான், அதுக்குப் பிறகு பரல் முழுக்கப் பூசினான். பூசினாப் பிறகு முறைப்பாடு குறைஞ்சுதோ இல்லையோ?

பனங்காமம்
குறைஞ்சுது. ஆனா குறோம் மட்டுமோ அந்த நேரம் மாறினது? பின்பக்க பஃபரை (போல்ற் பின்னுக்கு வாற அடியைத் தாங்கிற பாகம்) மாத்திக் கனமாக்கினவை, வேகம் அடங்கிச்சுது. துப்பரவாக்கிற கிற் முந்திச் சரியாக் குடுக்கேல்லை, "இது தானே துப்பரவாகிற துவக்கு" எண்டு ஒரு கதை பரவியிருந்தது. அதுக்குப் பிறகு கம்பி, சேம்பர் பிரஷ், எண்ணெய் எல்லாம் குடுத்தவை. படக்கதை மாதிரிப் பராமரிப்புக் கையேடே அடிச்சுக் குடுத்தவை. மருந்தில காபனேற்று அளவையும் குறைச்சவை. அஞ்சு விசயம் ஒண்டா மாறியிருக்க, குறோம் தனியா எல்லாத்துக்கும் பேர் வாங்கிக்கொண்டு போகுது.

லேத்துப்பட்டறை
அஞ்சில எது சேம்பருக்குள்ள கோது ஒட்டுறதை நேரடியா நிப்பாட்டும்? குறோம். அடுத்த கேள்வி.

ஸ்காபரோ வாசி
தம்பிமார், இங்க கனேடிய இராணுவம் பாவிக்கிற சி7 துவக்கு எம்-16 குடும்பம்தான். 1984இல இருந்து பாவிக்கினம். வடதுருவப் பக்கம் மைனஸ் நாப்பதிலயும் கொண்டுபோகினம். நீங்கள் இன்னும் 1967இலயே நிக்கிறியள். இன்னும் ஒண்டு, ஏ.கே. சேற்றில சிக்காது எண்டதும் கட்டுக்கதை. சேஃப்ரியை (சுடாமல் பூட்டுற நெம்பு) கீழ தட்டினா இழுபிடி ஓடுற நீட்டு வெளி அப்பிடியே திறந்து கிடக்கும். அதால சேறு உள்ள போனா விசைப்பெட்டிக்குள்ள இறங்கும். சுத்தியல் எழும்ப இடமில்லாமல் நிண்டிடும். எம்-16க்கு கோது வெளிவாற வாசலில மூடி இருக்கு, பாகங்கள் இறுக்கமா மூடிக்கிடக்கு, சேறு உள்ளயே போகாது. இணையத்தில சேற்றுப் பரிசோதனைக் காணொளிகள் கிடக்கு, எது முதல்ல நிக்குது எண்டு பாருங்கோ.

மாங்குளம் சந்தி
வந்திட்டார். பனிக்குள்ள இருந்துகொண்டு சேற்றைப் பற்றிப் பாடம். அண்ணை, எங்கட வயல் களியைக் கடைசியா எப்ப மிதிச்சனீங்கள்?

ஸ்காபரோ வாசி
நான் மிதிச்சதுக்கும் துவக்கின்ர வாசலுக்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லாட்டி ஊரைக் காட்டுறது உமக்குப் பழக்கம். போன மாரி தண்ணி மோட்டர்த் திரியிலயும் இதைத்தான் செய்தனீர்.

மாங்குளம் சந்தி
மோட்டர்த் திரியில ஆர் சொன்னது சரி வந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதைக் கிளறாதையுங்கோ.

நந்திக்கடல் நண்டு
கிளறுங்கோ கிளறுங்கோ. அங்கயும் லேத்து அண்ணை நாலு பக்கத்துக்குப் பிஸ்ரன் ரிங் கதைச்சவர்.

லேத்துப்பட்டறை
ரிங்கிலதான் பிழை இருந்தது. இப்பவும் சொல்லுறன்.

சேற்றுக்கு வருவம். ஸ்காபரோ அண்ணை சொல்லுறது பாதி சரி. சேறு *வெளியில* கிடந்தா எம்-16 நல்லம், உள்ள போக வழி குறைவு. *உள்ள* போனா ஏ.கே. கொஞ்சம் கூட ஓடும், இடைவெளியால. ஆனா எங்கட வயல் களி தனிச் சாமான். ஈரமா இருக்கேக்க ஒழுகும், காய்ஞ்சா ஓடு. அதுக்கு ரெண்டும் ஒண்டுதான். செம்மண் தூசி வேற, கடற்கரை உப்பு மணல் வேற. உப்பு மணலெண்டா திரும்பக் கறள், திரும்பக் குறோம். எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்க வேணும்.

கணக்கு வாத்தி
எண்களோடு பேசலாமே. 2007இல் அமெரிக்காவின் அபர்டீன் பரிசோதனைக் களத்தில் ஒரு தூசிப் பரிசோதனை நடந்தது. ஒவ்வொரு வகையிலும் 10 துவக்குகள், ஒவ்வொன்றும் 6000 ரவை, ஆக வகைக்கு 60,000. தூசிக்குள் வைத்து எடுத்து 120 சுடுவது, மீண்டும் தூசி. 600க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய். முடிவில் எம்-16 குடும்பத்துக் குறுந்துவக்கான எம்-4 தடைப்பட்டது 882 முறை. ஒப்பிட வைத்த மற்றத் துவக்குகள்: எச்.கே-416 233, ஸ்கார் 226, எக்ஸ்.எம்-8 127. எம்-4இன் 882இல் 239 மகசீனால் வந்தவை. அதே எம்-4, அதே ஆண்டு கோடையில் நடந்த முந்திய பரிசோதனையில் 307தான். அதாவது ஒரே துவக்கு ஒரே ஆண்டில் இரண்டு எண் காட்டியிருக்கிறது.

மாங்குளம் சந்தி
882! கேட்டியளோ? எண்ணூற்றி எண்பத்திரண்டு! வாத்தியார், வாழ்க.

பனங்காமம்
60,000க்கு 882. ஆயிரம் ரவைக்குப் பதினைஞ்சுக்குக் கிட்ட. அதில காவாசிக்கு மேல மகசீன் குற்றம். அந்தப் பரிசோதனையில ஏ.கே. இருக்கவே இல்லை. இல்லாத துவக்கு எப்பிடி வெண்டது?

மாங்குளம் சந்தி
இருந்திருந்தா வெண்டிருக்கும்.

பனங்காமம்
😑

லேத்துப்பட்டறை
வாத்தியார், அந்த எம்-4இன்ர சேம்பருக்குக் குறோம் இருந்தது. ஆனபடியா 882இல கோது சேம்பரில ஒட்டினது எத்தினை எண்டு பிரிச்சுப் போடுங்கோ. அதைப் போடாமல் மொத்த எண்ணைப் போடுறதில வேலையில்லை.

கணக்கு வாத்தி
நான் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை.

நந்திக்கடல் நண்டு
வாத்தியார், பேப்பர் திருத்தி முடிச்சிட்டுத்தான் இங்க வந்தனீங்களோ?

பனங்காமம்
குறோம்தான் எல்லாம் எண்டு நிக்கிற லேத்து அண்ணைக்கு ஒரு கேள்வி. இந்தியாவின்ர இன்சாஸ் துவக்கு. பரலுக்குக் குறோம் பூசினது. உள்ள காஸ் வேலைப்பாடு ஏ.கே. வழி. அப்ப உங்கட கணக்கிலயும் மாங்குளத்தார் கணக்கிலயும் அது சிக்கவே கூடாது. 1999 கார்கிலில குளிருக்கு மகசீன் பிளாஸ்ரிக் வெடிச்சது, சுடுறவன்ர கண்ணுக்கு எண்ணெய் தெறிச்சது. 2005இல நேபாளத்தில ஒரு பெரிய சண்டையில நாப்பதுக்கு மேல செத்தாப் பிறகு, இன்சாஸ் ஒழுங்கா வேலை செய்யேல்லை எண்டு நேபாள இராணுவம் முறைப்பாடு செய்தது. நீங்கள் இலகு இயந்திரத் துவக்கு மாதிரி நெடுநேரம் அடிச்சதால வந்த வினை எண்டு இந்தியா பதில் சொன்னது. குறோம் எங்க போச்சு?

லேத்துப்பட்டறை
மகசீன் வெடிச்சதுக்கும் சேம்பருக்கும் என்ன? நான் கேட்டது கோது ஒட்டுறதைப் பற்றி. இன்சாஸில கோது ஒட்டினதெண்டு எங்கயாவது சொல்லியிருக்கோ? இல்லை. அப்ப குறோம் தன்ர வேலையைச் செய்திருக்கு. கேள்வியை மாத்தாதையும்.

மாங்குளம் சந்தி
இன்சாஸ் ஏ.கே. வழியெண்டு ஆர் சொன்னது? ஏ.கே.யின்ர வேலைப்பாட்டை எடுத்து, மற்ற எல்லாத்தையும் வேற வேற இடத்தில பொறுக்கிச் சேர்த்தா அது ஏ.கே.யோ? மகசீன்தான் துவக்கின்ர பாதி. ஏ.கே. மகசீனைப் பாருங்கோ. பழைய இரும்பு மகசீன் வெறுமையாவே மூண்டில ஒரு கிலோ. வாய் உதடு தடிச்ச இரும்பு. நிலத்தில விழுந்தாலும் வளையாது. எம்-16இன்ர அலுமினியம் மகசீன் பாரம் குறைய எண்டு செய்து, ஒருக்கா மிதிச்சா உதடு விரியும். விரிஞ்சா ரவை ரெண்டு ஒண்டா எழும்பும், இல்லாட்டி மூக்குக் குத்தும். 20 ரவை மகசீனுக்கு 18தான் போட்டவங்கள் வியட்நாமில, ஸ்பிறிங்கை நம்பேலாமல். சொல்லுங்கோ பாப்பம், எந்த ஏ.கே.க்காறன் 30க்கு 28 போட்டவன்?

ஸ்காபரோ வாசி
அந்தப் பாரத்தையும் சொல்லுங்கோவன். ஏ.கே. ரவை ஒண்டு 16 கிராம், எம்-16 ரவை 12. முன்னூறு ரவையெண்டா ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம். அதோட இரும்பு மகசீன் பத்து. தூக்கிக்கொண்டு காட்டுக்க நடக்கிறவனைக் கேளுங்கோ எது நம்பகம் எண்டு.

கணக்கு வாத்தி
பாரம் நம்பகத்தன்மை அல்ல.

ஸ்காபரோ வாசி
ஆனா ரவை முடிஞ்சா எந்தத் துவக்கும் சுடாது வாத்தியார்.

வவுனிக்குளம்
இடையில ஒரு வார்த்தை. எஸ்.எல்.ஆர் எண்ட பழைய நீட்டுத் துவக்கை ஒருத்தரும் கதைக்கேல்லை. இலங்கை இராணுவமும் முந்தி அதுதான் வச்சிருந்தது. 1987இல வந்த இந்தியன் ஆமியின்ர கையில இருந்ததும் இசாப்பூரில செய்த எஸ்.எல்.ஆர். அதில காஸ் அளவைத் திருப்பி மாத்தலாம். அழுக்கேறிப் போல்ற் முழுக்கப் பின்னுக்கு வராட்டில் வளையத்தை ஒண்டு ரெண்டு கிளிக் இறுக்கினா பிஸ்ரனுக்குக் காஸ் கூடப் போகும், திரும்ப ஓடும். துப்பரவாக்கினாப் பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவர வேணும், இல்லாட்டில் தேவையில்லாத அடி. பிரித்தானியன் தன்ர எஸ்.எல்.ஆர் போல்ற் கரியரில மண் ஒதுங்கச் சாய்வா வெட்டுப் போட்டவன், மத்தியகிழக்கு மணலுக்கெண்டு. ஏ.கே.யிலும் இல்லை எம்-16இலும் இல்லை இந்த வசதி.

பனங்காமம்
அது தாக்குதல் துவக்கே இல்லை அண்ணை. 7.62×51, முழுப்பலம் உள்ள ரவை. ஒவ்வொண்டாத்தான் சுடும்.

வவுனிக்குளம்
தாக்கினா தாக்குதல் துவக்குத்தான்.

கணக்கு வாத்தி
வரையறை என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

மாங்குளம் சந்தி
எஸ்.எல்.ஆர் ஒரு மீற்றருக்கு மேல நீளம், மகசீனில 20தான். அடர்ந்த காட்டில ஏ.கே.க்கு முன்னால அது என்ன செய்தது எண்டதை 87இல இருந்து 90 வரைக்கும் கண்டவை சொல்லுவினம். பிறகு இந்தியாவே ஏ.கே. வாங்கினதுதானே. இலங்கை இராணுவமும் எஸ்.எல்.ஆரை வச்சிட்டு ரி-56க்கு மாறினது. ரெண்டு பக்கமும் ஒரே துவக்கைத் தூக்கின சண்டை உலகத்தில எத்தினை? ரெண்டு பக்கமும் ஏன் தூக்கினவை? நல்ல துவக்கெண்டபடியா.

பனங்காமம்
மலிவு எண்டபடியா. ரவை கிடைக்கும் எண்டபடியா. மற்றவனிட்ட எடுத்த ரவை தனக்கும் பொருந்தும் எண்டபடியா. அதுக்கும் சிக்கிறதுக்கும் சம்பந்தமில்லை.

மட்டுறுத்துநர்
ஒரு எச்சரிக்கை. திரியின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட பதிவு காரணமாக இதை எழுதவேண்டியிருக்கிறது. காணி துப்பரவாக்கும்போது, கிணறு வெட்டும்போது, வாய்க்கால் தோண்டும்போது மண்ணுக்குள் இருந்து எந்த ஆயுதம், ரவை, குண்டு வந்தாலும் தொடவேண்டாம், துடைக்கவேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போகவேண்டாம். இடத்தை அடையாளப்படுத்தி விலகி நின்று பொலிஸ் அவசர இலக்கம் 119க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். சேம்பருக்குள் ரவை இருக்கிறதா என்று வெளியில் நின்று சொல்லமுடியாது. அது எங்கே கிடைத்தது என்று இங்கே விசாரிக்கும் பதிவுகள் நீக்கப்படும்.

பனங்காமம்
நன்றி. நான் முதலே சொல்ல வந்த ரெண்டாவது பிழை அதுதான். "துடைச்சா வெடிக்கும்" எண்டு எழுதிறது ஆபத்து மட்டுமில்லை, பொய்யும். குறோம் இருக்கிறது பரலுக்குள்ளயும் பிஸ்ரனிலும். றிசீவருக்கு (பாகங்களை அடக்கிற உடல் பெட்டி) இல்லை. ஸ்பிறிங்குகளுக்கு இல்லை. ஏ.கே.யின்ர சுத்தியல் ஸ்பிறிங் பல இழை முறுக்கின கம்பி. இழைக்கு இடையில ஈரம் நிண்டா அரிச்சு ஒவ்வொரு இழையா அறும். மகசீன் ஸ்பிறிங் மண்ணோட மண்ணாக் கட்டியாகும். போல்ற், கரியருக்குள்ள திரும்பாது. தகட்டு றிசீவர் எண்டா தறையாணியடியில ஓட்டை விழும். ரவையின்ர பிறைமர் ஈரம் குடிச்சிருக்கும். இதில எது வெடிக்கிறது?

லேத்துப்பட்டறை
இதில பனங்காமம் சொல்லுறதோட இன்னும் ஒண்டு. குறோம் பூச்சு எண்டா ஒரு பீங்கான் மாதிரி முழுசா மூடினது எண்டு நினைக்கிறியள். கெட்டிக் குறோமில மயிரிழை வெடிப்புகள் பிறக்கும்போதே இருக்கும். நெடுக ஈரத்தில கிடந்தா அந்த வெடிப்புக்கால தண்ணி இறங்கி அடி இரும்பு கறள் பிடிக்கும். பிறகு பூச்சு செதிள் செதிளாக் கிளம்பும். குறோம் எண்டது சுடுறதுக்கும் கழுவுறதுக்கும் இடையில இருக்கிற நாளுக்குத்தான் காவல். பதினைஞ்சு வருசத்துக்கு இல்லை.

மாங்குளம் சந்தி
நேற்று மட்டும் குறோம்தான் கடவுள் எண்டவர் இண்டைக்குக் குறோமில வெடிப்பு எண்டுறார்.

லேத்துப்பட்டறை
வெடிப்பு இருக்கெண்டு சொன்னா வேண்டாமெண்டு சொன்னதோ? சேம்பருக்குக் குறோம் இருந்திருந்தா 1965, 66இல எம்-16 சிக்கியிருக்குமோ, இல்லையோ? ஓம் அல்லது இல்லை. இதை நாலு தரம் கேட்டிட்டன்.

பனங்காமம்
சிக்கியிருக்கும். குறைவா.

லேத்துப்பட்டறை
"குறைவா" எண்டிட்டீர். அது போதும்.

பனங்காமம்
குறைவா எண்டா உங்கட கதை சரியெண்டு இல்லை! பழைய மருந்தும் வெறும் சேம்பரும் இருந்த 1962, 63இல ஏன் இவ்வளவு முறைப்பாடு இல்லை? அதே வியட்நாம், அதே ஈரம், அதே குறோமில்லாத சேம்பர். மாறினது மருந்து மட்டும்.

லேத்துப்பட்டறை
அப்ப எத்தினை துவக்கு அங்க இருந்தது? ஆயிரக்கணக்கில. பிறகு லட்சக்கணக்கில. முந்தி எடுத்தவன் தெரிஞ்செடுத்த ஆள், துவக்கைப் பராமரிக்கத் தெரிஞ்சவன். பிறகு வந்தவனுக்குக் கம்பியும் இல்லை, பிரஷும் இல்லை. பராமரிக்காத சேம்பர் கறள் பிடிக்கும். குறோம் இருந்தா பிடிக்காது. திரும்பவும் அங்கதான்.

பனங்காமம்
அப்ப பிழை பராமரிப்பில எண்டுறியள்?

லேத்துப்பட்டறை
குறோமில எண்டுறன்.

நந்திக்கடல் நண்டு
இந்தத் திரிக்குத்தான் குறோம் பூச வேணும். ஒரு கதையும் வெளிய வருகுதில்லை, எல்லாம் ஒட்டிப்போய் நிக்குது.

ஸ்காபரோ வாசி
ரெண்டு பேருக்கும் தெரியாத உதாரணம் ஒண்டு தாறன். பிரித்தானியன்ர எஸ்.ஏ-80 துவக்கு. 1985இல வந்தது, 1991 வளைகுடா யுத்தத்தில மணலுக்குள்ள மானம் போனது. பிறகு ஹெக்லர் அண்ட் கொக் கொம்பனியிட்டக் குடுத்து, ஏறத்தாழ ரெண்டு லட்சம் துவக்கை 92 மில்லியன் பவுண் செலவழிச்சுத் திருத்தினவை. போல்ற், எக்ஸ்ராக்டர், மகசீன் எண்டு பாகம் பாகமா மாத்தினவை. திருத்தினாப் பிறகும் 2002இல ஆப்கானிஸ்தானில முறைப்பாடு வந்தது. போய்ப் பாத்தா, எண்ணெய் போட்டுத் துப்பரவாக்கிற ஒழுங்கிலதான் பிழை எண்டு முடிவு. குறோமும் இல்லை மருந்தும் இல்லை, ஆக்கமும் ஆளும்.

மாங்குளம் சந்தி
ஆக்கம் எண்டு நான்தான் முதல் சொன்னனான். மேல போய் வாசியுங்கோ.

ஸ்காபரோ வாசி
நீர் சொன்னது ஏ.கே. ஆக்கம். ஏ.கே.யே முதல் தரம் சரியா வரேல்லை தெரியுமோ? 1949இல தகட்டு றிசீவரோட துவங்கி, அழுத்திச் செய்யிறதில கழிவு கூடிப்போய், 1951இல இரும்புக் கட்டியைக் கடைஞ்சு செய்யத் துவங்கினவை. திரும்பத் தகடு வந்தது 1959இல, ஏ.கே.எம் எண்டு. பத்து வருசம் எடுத்தது. எம்-16க்கும் அந்தப் பத்து வருசத்தைக் குடுத்திருந்தா?

மாங்குளம் சந்தி
ரஷ்யன் அந்தப் பத்து வருசத்தைத் தொழிற்சாலையில செலவழிச்சவன். அமெரிக்கன் பெடியளின்ர கையில குடுத்துச் செலவழிச்சவன். அதுதான் வித்தியாசம்.

பனங்காமம்
இது ஒண்டு வடிவாச் சொன்னீர். ஆனா நீர் எழுதின பதிவில இது இல்லை. அதில இருந்தது பதினைஞ்சு வருசம், துடைச்சா வெடிக்கும். அதை எடுத்திட்டீரோ?

மாங்குளம் சந்தி
ஏன் எடுக்க வேணும்? கீழ எச்சரிக்கை போட்டிருக்கிறன்.

லேத்துப்பட்டறை
கடைஞ்ச றிசீவர் எண்ட உடன ஞாபகம் வந்தது. சீனன்ர ரி-56 1956இல துவங்கேக்க கடைஞ்சது, அறுபதுகளில தகட்டுக்கு மாறினது. ரெண்டும் ஒரே பேரில வந்தது. மாங்குளத்தார் போட்ட படத்தில கிடக்கிறது எந்த வகை? பக்கவாட்டில மகசீனுக்கு மேல குழி நீட்டா இருந்தா கடைஞ்சது, சின்னனா இருந்தா தகடு. படத்தைத் திரும்பப் போடும், பரலின்ர வாய்ப்பக்கம் தெரியிற மாதிரி. குறோம் எந்த அளவில செதிள் கிளம்பியிருக்கு எண்டு பாத்துச் சொல்லுறன்.

மட்டுறுத்துநர்
படம் வேண்டாம்.

லேத்துப்பட்டறை
சரி, படம் வேண்டாம். பனங்காமம், உருண்டை மருந்தை மாத்தினவை எண்டனீர். 1967க்குப் பிறகும் அமெரிக்கன் உருண்டை மருந்துதானே பாவிச்சவன்? காபனேற்றைக் குறைச்சான், மருந்தை விடேல்லை. மருந்து நிண்டது, குறோம் வந்தது, சிக்கல் போச்சு. இப்ப சொல்லும்.

பனங்காமம்
பஃபர் கனமானதை விட்டிட்டியள். காபனேற்றுக் குறைஞ்சதை நீங்களே சொல்லிப்போட்டுப் பாய்ஞ்சு போறியள்.

லேத்துப்பட்டறை
பஃபர் வேகத்தைக் குறைக்கும். கறளைக் குறைக்குமோ?

வவுனிக்குளம்
எஸ்.எல்.ஆரில ரெண்டு கிளிக் இறுக்கியிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை.

பனங்காமம்
அண்ணை, கோது ஒட்டினா காஸைக் கூட்டக் கூடாது, கூட்டினா இன்னும் கிழியும்!!

வவுனிக்குளம்
ஆர் சொன்னது? இறுக்கினாத்தானே இழுக்கிற பலம் கூடும். விளக்கமாச் சொல்லும் பாப்பம்.